அம்மை உடம்பில் இறங்கும் முன் வாயில் தெரியும்: கன்னத்தின் உட்புறத்தைப் பார்ப்பது எப்படி?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு 14 மாதம். மூன்று நாளாகக் காய்ச்சல், மூக்கொழுகல், வறட்டு இருமல். கண் சிவந்து பீளை தள்ளுகிறது. உடம்பில் ஒன்றும் இல்லை. இன்று காலை சோறு ஊட்டும்போது கன்னத்தின் உள்பக்கம் பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள் தெரிந்திருக்கின்றன. பால் படிந்திருக்கும் என்கிறார் மாமியார். பக்கத்துத் தெருவில் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்களாம். ஒன்பதாம் மாத ஊசியை, சளி பிடித்திருக்கிறதே என்று தள்ளிப்போட்டு, அப்புறம் போடாமலே விட்டிருக்கிறார்கள். வீட்டில் ஐந்து வயது மூத்த மகள் இருக்கிறாள், அவளுக்கு ஒரு தவணை மட்டும் போட்டிருக்கிறது. பிரசவத்துக்கு வந்த நாத்தனாரின் நாலு மாதக் குழந்தையும் அங்கேதான். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் வழியில் ஏழு மாதக் கர்ப்பிணித் தங்கை நேற்று முன்தினம் வந்து தங்கியிருக்கிறார். “இது அம்மையா? இப்போதே டாக்டரிடம் போகணுமா, ரெண்டு நாள் பார்க்கலாமா?” என்பது கேள்வி.

ரெண்டு நாள் பார்க்க வேண்டாம் அம்மா. இன்றே காட்டுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் தட்டம்மையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் பக்கத்தில் மணல்வாரி என்று சொல்வதும் இதைத்தான். நீர் கோத்த கொப்புளம் வருகிற சின்னம்மை வேறு. அதைப் பற்றி இங்கே பேசவில்லை. ஊசி போடாத பிள்ளை, இரண்டு வாரத்துக்கு முன் அக்கம்பக்கத்தில் ஒரு அம்மை, காய்ச்சலோடு இருமல், மூக்கொழுகல், சிவந்த கண், இப்போது வாயில் வெள்ளைப் புள்ளி என்று எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. தட்டம்மை வைரஸ் உள்ளே போன நாளிலிருந்து காய்ச்சல் தொடங்கப் பத்து நாள் வாக்கில் ஆகும், தடிப்பு வர இரண்டு வாரம் வாக்கில் ஆகும். உங்கள் கணக்கு அப்படியே பொருந்துகிறது.

அந்தப் புள்ளிகளுக்குக் கோப்ளிக் புள்ளிகள் என்று பெயர். நியூயார்க்கில் குழந்தைகள் மருத்துவராக இருந்த ஹென்றி கோப்ளிக் 1896ல் இவற்றை விரிவாக எழுதினார். அவருக்கு முன்பே ரஷ்யாவின் ஃபிலாடோவ் போன்றவர்கள் கவனித்திருந்தாலும், தோலில் அம்மை வருவதற்கு முன்பே வாயைப் பார்த்துத் தட்டம்மையைச் சொல்லிவிடலாம், பிள்ளையை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்துவிடலாம் என்பதை அழுத்திச் சொன்னவர் அவர்தான். தடுப்பூசியே இல்லாத காலம் அது. பிரித்து வைப்பது ஒன்றுதான் அன்றைக்குக் கையில் இருந்த வழி. இன்றைக்கு நம்மிடம் ஊசி இருக்கிறது, வைட்டமின் ஏ இருக்கிறது. அதனால் முன்கூட்டியே கிடைக்கிற அந்த ஒன்றிரண்டு நாளுக்கு அன்றைவிட இன்று மதிப்பு அதிகம். நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே அந்த நாட்களுக்காகத்தான்.

முதலில் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். டியூப்லைட் வெளிச்சத்தில், அதிலும் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், இது சரியாகத் தெரியாது. பகல் வெளிச்சம் வேண்டும். வாசல் திண்ணையிலோ ஜன்னலோரமோ உட்கார்ந்து, பிள்ளையின் முகம் வெளிச்சத்தைப் பார்க்கும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கண் கூசும், தட்டம்மையில் வெளிச்சம் பட்டாலே பிள்ளை முகத்தைத் திருப்பும். கண் மேல் ஒரு துணியால் நிழல் விழுகிறபடி வேறொருவர் பிடித்துக்கொள்ளட்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, சுண்டுவிரலையோ, கழுவிய ஸ்பூனின் காம்பையோ வாயோரத்தில் நுழைத்துக் கன்னத்தை வெளிப்பக்கமாக மெதுவாக இழுங்கள். நாக்கை அழுத்த வேண்டாம், தொண்டையையும் பார்க்க வேண்டாம். அழுத்தினால் பிள்ளை குமட்டி வாந்தி எடுக்கும், அதற்கப்புறம் வாயைத் திறக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது கடைவாய்ப் பல்லுக்கு நேர் எதிரே இருக்கும் கன்னத்தின் உள்பக்கம். 14 மாதப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் இப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு வரும், அல்லது வரப்போகும். அந்த ஈறு தடித்திருக்கும் இடத்துக்கு எதிர்ப்புறம் பாருங்கள். இரண்டு கன்னத்தையும் பாருங்கள். மொபைல் டார்ச் அடிப்பதானால் நேராக அடிக்காதீர்கள். ஈரமான சதை பளபளத்து, எச்சில் குமிழி எல்லாம் வெள்ளைப் புள்ளியாகத் தோன்றும். பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள்.

கோப்ளிக் புள்ளி என்றால் எப்படி இருக்கும்? சிவந்துபோன சதையின் மேல் ரவை சிந்தினாற்போல இருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மில்லிமீட்டர், அதற்கும் குறைவு. சுத்த வெள்ளையாக இல்லாமல் லேசாக நீலம் ஓடிய வெள்ளை. தொடக்கத்தில் இரண்டு மூன்றுதான் இருக்கும், ஒரு நாளில் பல மடங்கு பெருகி ஒன்றோடொன்று நெருங்கிவிடும். சிலருக்குக் கீழுதட்டின் உள்பக்கமும் ஈறிலும் கூடத் தெரியும். புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், அடியில் இருக்கும் சிவப்பையும் பாருங்கள். கன்னத்தின் உட்புறம் வழக்கமான இளஞ்சிவப்பாக இருந்து, அதில் வெள்ளை தெரிந்தால் எனக்குச் சந்தேகம் பாதியாகக் குறையும். சிவந்து, கொஞ்சம் சொரசொரப்பாகி, அதன் மேல் வெள்ளைப் பொடி இருந்தால் சந்தேகமே இல்லை என்று சொல்லுமளவுக்கு வந்துவிடுவேன். வைரஸ் தாக்கி, மேல்படலத்துச் செல்கள் செத்து நீர் கோப்பதால் வருவது அந்த வெள்ளை. தோலில் பின்னால் நடக்கப்போவதுதான் வாயில் முன்னதாக நடக்கிறது.

இனி மாமியார் சொன்ன பால். அவர் சொன்னதில் தப்பில்லை, பால் குடிக்கும் பிள்ளையின் வாயில் வெள்ளை தெரிந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது பாலாகத்தான் இருக்கும். சோதிப்பதும் சுலபம். கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியை விரலில் சுற்றி லேசாகத் துடையுங்கள். பால் என்றால் வழித்துக்கொண்டு வந்துவிடும். பூஞ்சையால் வரும் வெண்புண் என்றால் திட்டுத் திட்டாக, பெரிதாக, நாக்கிலும் அண்ணத்திலும் சேர்ந்தே இருக்கும். அழுத்தித் துடைத்தால் பெயர்ந்து அடியில் செந்நிறமாகத் தெரியும், சில சமயம் ரத்தம் கசியும். கோப்ளிக் புள்ளி எத்தனை துடைத்தாலும் வராது. வராததை வரவைக்கிறேன் என்று தேய்க்கவும் கூடாது.

நம் ஊரில் இதைவிட அதிகமாகக் குழப்புவது கை, கால், வாய் நோய். பால்வாடியில் ஒரு பிள்ளைக்கு வந்தால் பத்துப் பிள்ளைக்கு வரும். அதிலும் காய்ச்சல் வரும், வாய்க்குள் வரும். ஆனால் அது புண். நாக்கின் ஓரத்திலும் தொண்டைப் பக்கத்திலும் சின்னக் கொப்புளமாகத் தொடங்கி உடைந்து வலிக்கும். பிள்ளை எச்சிலை ஒழுகவிட்டுக்கொண்டு, தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன் என்று அழும். கோப்ளிக் புள்ளி வலிக்காது. அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை. கை, கால், வாய் நோயில் உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பார்த்தால் கொப்புளம் இருக்கும், கண்ணும் இப்படிச் சிவந்திருக்காது. பெரியவர்கள் தங்கள் கன்னத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு வருவதும் உண்டு. பல் படுகிற இடத்தில் ஓடும் வெள்ளைக் கோடும், மஞ்சள் கலந்த சின்னச் சின்ன எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகளும் இயல்பானவை, அவற்றின் அடியில் சிவப்பு இருக்காது.

புள்ளி தெரியவில்லை என்றால் தட்டம்மை இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தட்டம்மை வந்த பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்குக்குத்தான் இது கண்ணில் படுகிறது. தடிப்பு வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் வந்து, தடிப்பு வந்த இரண்டாம் நாளுக்குள் மறைந்துவிடும். பல பேருக்கு ஒரு பகல் இரவோடு சரி. திங்கள்கிழமை டாக்டர் பார்க்கும்போது இல்லாமல் இருந்து செவ்வாய் காலையில் இருக்கும், புதன் மாலையில் போய்விடும். ஆகவே ஊசி போடாத பிள்ளைக்குக் காய்ச்சலோடு இருமல், சளி, சிவந்த கண் மூன்றும் சேர்ந்து வந்தால், வாயைக் காலையும் மாலையும் பாருங்கள். வாய் சுத்தமாகவே இருந்தாலும் டாக்டரிடம் “ஊசி போடவில்லை, பக்கத்தில் அம்மை இருந்தது” என்ற இரண்டையும் நீங்களே சொல்லுங்கள். கூட்டத்தில் அவர் கேட்க மறந்துபோகலாம்.

நமக்கு வாயைப் பார்ப்பது அவசியம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் நம் தோல் நிறம். புத்தகங்களில் தட்டம்மைத் தடிப்பைப் பளிச்சென்ற சிவப்பாகப் படம் போட்டிருப்பார்கள். மாநிறத்திலும் கறுப்பிலும் முதல் நாள் அந்தச் சிவப்பு தெரியவே தெரியாது. காதுக்குப் பின்னாலும் நெற்றி முடியோரத்திலும் கையால் தடவினால் சொரசொரப்பாகத் தட்டுப்படும், அவ்வளவுதான். பனி போய் வெயில் ஏறும் மாதங்களில் வருவதால் வேர்க்குரு என்று பவுடர் அடித்துவிடுவார்கள். இரண்டாம் நாள் மார்புக்கும் முதுகுக்கும், மூன்றாம் நாள் கைகாலுக்கும் இறங்கிய பிறகுதான் வீட்டில் கவனம் வரும். கன்னத்தின் உட்புறமோ எந்த நிறத்தவருக்கும் பெரும்பாலும் சிவப்புதான்.

மருந்துக்கடைக் குழப்பமும் உண்டு. காய்ச்சலுக்கென்று மெடிக்கலில் கேட்டு ஒரு ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் தடிப்பு. “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்று மருந்தை நிறுத்திவிட்டு, தடிப்பு அடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் அந்த வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகள் எல்லாருக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். முதல் நாள் ஒருவர் கன்னத்தை இழுத்துப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இப்போது நாள் கணக்குக்கு வருகிறேன், இதுதான் உங்கள் வீட்டுக்கு முக்கியம். தட்டம்மை வந்த பிள்ளை, தடிப்பு வருவதற்கு நாலு நாள் முன்பிருந்து தடிப்பு வந்து நாலு நாள் வரை மற்றவர்களுக்குப் பரப்பும். இருமலிலும் மூச்சிலும் வெளியேறும் வைரஸ், பிள்ளை அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் உயிரோடு இருக்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் அந்தக் காற்றைச் சுவாசித்தால் ஒன்பது பேருக்கு வரும். தொட வேண்டும், பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் இல்லை.

வைரஸ் பட்டவர்களுக்கு 72 மணி நேரத்துக்குள் தட்டம்மை ஊசி போட்டுவிட்டால் பல பேருக்கு நோய் வராமலே போகும், வந்தாலும் இலேசாக வரும். ஊசி போடக்கூடாதவர்களுக்கு ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற தயார்நிலை எதிர்ப்புப் பொருளைக் கொடுக்கலாம். உங்கள் மகனுக்கு நாளைக் காலையில் தடிப்பு வரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவன் பரப்பத் தொடங்கி இன்றோடு ஏறக்குறைய மூன்று நாள். கூடவே இருக்கும் மூத்தவளுக்கு ஊசியின் பலன் கிடைக்கிற கடைசி நாள் இன்று. தடிப்பைப் பார்த்துவிட்டு நாளை, நாளை மறுநாள் என்று கிளம்பினால் அந்தக் கதவு மூடியிருக்கும். மூன்று தண்ணீர் ஊற்றிய பிறகு பார்க்கலாம் என்றால் இம்யூனோகுளோபுலினுக்கான ஆறு நாளும் போயிருக்கும். உங்கள் தங்கை வந்து இரண்டு நாள்தான் ஆகிறது, நாத்தனாரின் குழந்தையையும் இன்னும் காப்பாற்ற வழி இருக்கிறது. இத்தனையும் நீங்கள் சோறு ஊட்டும்போது வாயைக் கவனித்ததால் கிடைத்தது.

ஆளுக்கு ஆள் என்ன செய்வது என்று சொல்கிறேன். மூத்த மகளுக்கு இரண்டாம் தவணை இன்றே. ஒரு தவணை போட்டவர்களுக்கு ஓரளவு பாதுகாப்பு இருக்கும். ஒன்பது மாதத்தில் போட்டால் நூற்றுக்கு 85 பேர் அளவில் காக்கும், இரண்டும் போட்டால் 97 வரை போகும். அந்த மீதிப் பதினைந்தில் அவள் இருக்கக் கூடாது. நாலு மாதக் குழந்தைக்கு ஊசி போடும் வயது வரவில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் இருக்கலாம், நாத்தனாருக்கே ஊசியோ அம்மையோ வந்ததில்லை என்றால் அதுவும் இருக்காது. இம்யூனோகுளோபுலின் தேவையா என்பதைக் குழந்தை மருத்துவர் முடிவு செய்யட்டும். கர்ப்பிணிக்கு இந்த ஊசி போடக் கூடாது, அது உயிருள்ள வைரஸைப் பலவீனப்படுத்திச் செய்தது. ஆனால் கர்ப்பத்தில் தட்டம்மை வந்தால் தாய்க்கு நிமோனியா வரும் ஆபத்தும், குறைமாதப் பிரசவ ஆபத்தும் கூடும். தங்கையைத் தனி வண்டியில் இன்றே அம்மா வீட்டுக்கு அனுப்பலாமே என்று தோன்றும். அங்கே ஊசி போடாத கைக்குழந்தைகள் இருந்தால் அதுவும் யோசிக்க வேண்டியது. முதலில் அவர் பிரசவம் பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்து, சின்ன வயதில் போட்ட ஊசி, வந்த அம்மை எல்லாவற்றையும் சொல்லட்டும். இரண்டு தவணையும் போட்டவர் என்றாலோ உண்மையிலேயே தட்டம்மை வந்தவர் என்றாலோ பயமில்லை.

மகனை எப்படிக் கூட்டிப்போவது? டவுன் பஸ்ஸில் வேண்டாம், புதுச்சேரிக்குப் போகும் பஸ்ஸில் கண்டிப்பாக வேண்டாம். நெரிசலான ஒரு பஸ்ஸில் எத்தனை கைக்குழந்தைகள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் திறந்த ஆட்டோ நல்லது. கிளம்பும் முன் போன் செய்து, “குழந்தைக்குத் தட்டம்மை சந்தேகம், எந்த வழியாக வரட்டும்?” என்று கேளுங்கள். போன் எடுக்கவில்லை என்றால், நீங்கள் மட்டும் உள்ளே போய் நர்ஸிடம் சொல்லிவிட்டு, பிள்ளையை வெளியே மரத்தடியில் வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஊசி போட வந்த பச்சிளங்குழந்தைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள். முதுநகர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ கடலூர் அரசு தலைமை மருத்துவமனையோ போதும். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, ஜிப்மரும் இருக்கிறது. சாதாரணத் தட்டம்மைக்கு அவ்வளவு தூரம் அலைய வேண்டிய அவசியமில்லை, மூச்சுத் திணறல் போன்றது இருந்தால் மட்டும் தாமதிக்காமல் 108ஐ அழையுங்கள்.

அங்கே முக்கியமாகக் கேட்டு வாங்க வேண்டியது வைட்டமின் ஏ. தட்டம்மை வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது. ஆனால் உடம்பிலிருக்கும் வைட்டமின் ஏயை இந்த நோய் காலி செய்துவிடுகிறது, அதனால் கண்ணின் கருவிழி உலர்ந்து, புண்ணாகி, பார்வையே போன பிள்ளைகள் உண்டு. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு 2 லட்சம் யூனிட், அடுத்தடுத்த இரண்டு நாள், நாளுக்கு ஒன்றாக. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை 1 லட்சம், அதற்கும் சிறிய குழந்தைக்கு 50 ஆயிரம். ஆறு மாதத்துக்கொரு முறை சொட்டு கொடுத்தார்களே என்று இதை விட்டுவிடக் கூடாது, அது வேறு, இது வேறு. அளவு கூடினால் கெடுதி என்பதால் வீட்டில் நீங்களாகக் கொடுக்கவும் கூடாது. ரத்தமும் எடுப்பார்கள், தடிப்பு வந்து சில நாள் கழித்துக்கூட எடுக்கலாம். பயப்படாதீர்கள், மறுக்கவும் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு உறுதியானால் அந்தத் தெருவில் ஊசி விட்டுப்போனவர்களைத் தேடி வந்து போடுவார்கள். கிராம சுகாதார செவிலியருக்கும் அங்கன்வாடி டீச்சருக்கும் நீங்களே தகவல் சொல்லுங்கள். பக்கத்துத் தெருப் பிள்ளைக்கு வந்தபோது யாராவது சொல்லியிருந்தால் உங்கள் மகனுக்கு அன்றே ஊசி போட்டிருப்பார்கள்.

வீட்டு வழக்கத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை செருகுவதை நான் தடுக்க மாட்டேன். வெளியாள் உள்ளே வர மாட்டார், பிள்ளை வெளியே போகாது, வீடு துப்புரவாக இருக்கும். நோய் பரவாமல் இருக்க இதைவிட நல்ல அறிவிப்புப் பலகை கிடையாது. தாளிக்காமல் சமைப்பதிலும் கெடுதல் ஒன்றுமில்லை. நான் கைகூப்பிக் கேட்பது இரண்டே விஷயம். மருந்து கொடுத்தால் ஆத்தா கோபிப்பாள் என்று மருந்தை நிறுத்தாதீர்கள். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற எத்தனையோ குடும்பங்கள் கையில் வைட்டமின் ஏ வாங்கிக்கொண்டுதான் போகின்றன. அடுத்தது, சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். வெறும் கஞ்சித் தண்ணீரும் இளநீரும் ஒரு வாரம் கொடுத்தால் பிள்ளை எலும்பும் தோலுமாகிவிடும். தாய்ப்பால், பருப்பு மசித்த குழைந்த சாதம், இட்லி, வாழைப்பழம், சாப்பிடுகிற வீடாக இருந்தால் முட்டை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். பேதி இருந்தால் ஓஆர்எஸ். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின் கூடாது. கண்ணைக் கொதித்து ஆறிய தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். தாய்ப்பாலைக் கண்ணில் விடுவது, கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விடுவது இரண்டும் வேண்டாம். அந்தச் சொட்டில் ஸ்டீராய்டு இருந்தால் கண்ணுக்கே ஆபத்து.

தடிப்பு வரும் அன்றைக்குக் காய்ச்சல் 104 டிகிரி வரை ஏறும், அது எதிர்பார்த்ததுதான். மூன்று நாலு நாளில் இறங்க வேண்டும். இறங்கிய காய்ச்சல் மறுபடி ஏறினாலோ, நாலு நாள் தாண்டியும் அடித்தாலோ பாக்டீரியா சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். பெரும்பாலும் காது, இல்லையென்றால் நுரையீரல். தட்டம்மையில் சாகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோரைக் கொண்டுபோவது நிமோனியாதான். பிள்ளை அழாமல் படுத்திருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். ஒரு வயதுக்கு மேல் 40ஐத் தொட்டால், ஒரு வயதுக்குள் 50ஐத் தொட்டால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் உடனே ஆஸ்பத்திரி. குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத மயக்கம், வலிப்பு, தொண்டை அடைத்துக் கரகரவென்று இழுக்கும் சத்தம், கருவிழியில் மங்கல், நெடுநேரம் சிறுநீர் போகாதது, இவற்றில் எது ஒன்று வந்தாலும் இரவென்று பார்க்காதீர்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளைக்காய்ச்சல் வரும். அதைவிட அரிதாக, நோய் வந்துபோய் ஏழெட்டு வருடம் கழித்து மூளையை மெல்லத் தின்னும் ஒரு பாதிப்பு வரும், அதற்கு வைத்தியமில்லை. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. “எல்லாருக்கும் வந்துபோகிற அம்மைதானே” என்று சொல்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

நம் மாவட்டத்துக்கு இதில் ஒரு கதை உண்டு. 2004 டிசம்பர் 26ல் சுனாமி வந்தது. அடுத்த சில நாளிலேயே பாதிக்கப்பட்ட மீனவக் கிராமங்களில் சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டம்மை ஊசி போடத் தொடங்கினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் கடலூர் மாவட்டத்தில் தட்டம்மை இருப்பது தெரியவந்தது. ஆராய்ந்தபோது, அலைக்கு முன்பே நோய் பரவத் தொடங்கியிருந்ததும், கடலோரம் மட்டுமல்லாமல் அலை தொடாத ஊர்களிலும் அது இருந்ததும் தெரிந்தது. இத்தனைக்கும் ஒரு தவணை ஊசி 95 சதவீதத்துக்கு மேல் போட்டிருந்த மாநிலம். ஒரு தவணை போதாது என்பதற்கு நம் கிராமங்களே சாட்சி. நாட்டில் இரண்டாம் தவணை 2010லிருந்துதான் வந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குள் எல்லாருக்கும் தட்டம்மை, ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) ஊசி போட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பள்ளிக்கு அனுப்பாமல் பிள்ளையை வீட்டில் நிறுத்தியவர்கள் அப்போது உண்டு. அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று வளர்ந்த பெண்களாகவும் ஆண்களாகவும் இருக்கிறார்கள், அவர்கள் இப்போதாவது போட்டுக்கொள்ளலாம்.

சளிக்காக ஊசியைத் தள்ளிப்போட்டது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல. சாதாரணச் சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இவை எதுவும் ஊசியை நிறுத்தக் காரணமில்லை. புதன்கிழமை ஊசிநாளில் பிள்ளைக்கு மூக்கு ஒழுகினாலும் தூக்கிக்கொண்டு போங்கள், போடலாமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. ஊசி போட்ட ஒரு வாரம் பத்து நாளில் சில பிள்ளைகளுக்கு லேசாகக் காய்ச்சலும் தடிப்பும் வரலாம். அது பிறருக்குப் பரவாது, தானே போய்விடும்.

உங்கள் மகனுக்குத் தடிப்பு மங்கிக் கருத்து, தவிடு போல உரிந்த பிறகும் சில மாதம் உன்னிப்பாகக் கவனியுங்கள். மற்ற நோய்களை எதிர்த்து உடம்பு சேர்த்து வைத்திருந்த நினைவை இந்த வைரஸ் அழித்துவிடுவதால், அந்தச் சமயத்தில் பேதியும் சளியும் எளிதில் ஒட்டும். மாதம் ஒருமுறை அங்கன்வாடியில் எடை பாருங்கள். அம்மைதான் வந்துவிட்டதே என்று ஊசி அட்டையை அலமாரியில் போட்டுவிடாதீர்கள். அந்த ஊசியில் தட்டம்மைக்கு மட்டுமல்ல, ரூபெல்லாவுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. பிள்ளை நன்றாகத் தேறியதும் அட்டையோடு போய், எந்தப் புதன்கிழமை போடலாம் என்று செவிலியரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள்.